சோணையறை நடுக்கமும் பாரிசவாத அபாயப் புள்ளியும்: அப்பாவுக்கு ஒன்றா, இரண்டா, மூன்றா?

கடலோர வீதி:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 72; வெள்ளவத்தையில் எங்களுடன் இருக்கிறார். பல வருடங்களாகக் குருதியமுக்கத்துக்கு லொசார்ட்டன் எடுக்கிறார். கிளினிக் கொப்பியில் கடைசியாகப் பதிந்திருப்பது 128/78. கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2. இவ்வருடத் தொடக்கத்தில் நெஞ்சு படபடத்தபோது எடுத்த ஈசிஜியில் ஏட்ரியல் பிப்ரிலேஷன், அதாவது சோணையறை நடுக்கம், இருப்பது தெரிந்தது. மறுநாள் காலை எடுத்த ஈசிஜி சாதாரணமாக இருந்ததால் சிறிய அளவு அஸ்பிரின் மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள்.

முதலில் பார்த்த டொக்டர், பிரஷர் கட்டுப்பாட்டில் இருப்பதால் அதைச் சேர்க்கத் தேவையில்லை, பாரிசவாத அபாயப் புள்ளி 1 தான் என்றார். இரண்டாவது டொக்டர் 2 என்கிறார். அஸ்பிரினை நிறுத்திவிட்டுக் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கச் சொல்கிறார். கனடாவிலிருக்கும் சித்தப்பாவின் மகன் இணையக் கணிப்பானில் போட்டுப் பார்த்து 3 என்று அனுப்பியிருக்கிறான். ஒரே மனிதருக்கு மூன்று விடை எப்படி வரும்? யாராவது பொறுமையாக விளக்கினால் நன்றியாக இருக்கும்.

வார்டு மேசை:

தம்பி, நான் உள்மருத்துவப் பிரிவில் வேலை செய்பவன். உங்கள் அப்பாவை நான் சோதிக்கவில்லை என்பதால் இங்கே கணக்கை மட்டும் பேசுகிறேன்; மருந்து முடிவு அவரை நேரில் பார்க்கும் வைத்தியருடையது.

சோணையறை நடுக்கத்தில் இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டிருக்கும். இடது சோணையறையின் ஓரத்தில் ஒரு சிறு பை உண்டு. குருதி அங்கே தேங்கி உறையும். வால்வு நோய் இல்லாதவர்களில் இத்தகைய குருதிக் கட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது அந்தப் பையில்தான் உருவாகின்றன. கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் இந்த நடுக்கம் பாரிசவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குவதாகக் கண்டார்கள். ஆனால் அந்த ஐந்து மடங்கு எல்லோருக்கும் ஒரே தொகையாக வருவதில்லை: வேறு நோயே இல்லாத 45 வயதுக்காரரின் அடிப்படை அபாயம் மிகச் சிறியது, முன்பு பாரிசவாதம் வந்த 80 வயதுக்காரருடையதோ மிகப் பெரியது. இந்த வேறுபாட்டை அளக்கத்தான் புள்ளிமுறை வந்தது.

2001 இல் சாட்ஸ்2 என்ற எளிய முறை வெளியானது. அதில் இடைநிலையில் விழுந்தவர்கள் மிக அதிகம், அவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் அஸ்பிரின் கொடுத்து அனுப்பும் பழக்கமும் அங்கேயே வேரூன்றியது. 2010 இல் பிர்மிங்ஹாமைச் சேர்ந்த கிரெகரி லிப்பும் குழுவினரும் அதை விரித்துச் சாட்ஸ்-வாஸ்க் என்ற முறையாக்கினார்கள். இதயச் செயலிழப்புக்கு 1, உயர் குருதியமுக்கத்துக்கு 1, நீரிழிவுக்கு 1, மாரடைப்பு அல்லது கால் நாடி அடைப்பு போன்ற குருதிக்குழாய் நோய்க்கு 1, வயது 65 முதல் 74 வரை என்றால் 1, 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2, முன்பு பாரிசவாதமோ தற்காலிகப் பாரிசவாதமோ வந்திருந்தால் 2, பெண் என்றால் 1. கூட்டினால் அதிகபட்சம் 9.

உங்கள் அப்பாவுக்கு வயதால் 1. குருதியமுக்கத்தால் இன்னொன்று. அந்த நோய் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்றைய அளவீடு எவ்வளவு என்பது அல்ல. குளிசை போட்டு 128 இல் நிற்பவர் உயர் குருதியமுக்க நோயாளிதான். பல வருடம் அந்த அழுத்தத்தைத் தாங்கிய சோணையறை, இன்று அளவு சரியாக இருக்கிறது என்பதற்காகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. எச்பிஏ1சி 6.2 என்பது நீரிழிவுக்கு முந்திய நிலை, நீரிழிவு என்று சொல்ல 6.5 வேண்டும். கனடாத் தம்பி அந்தக் கட்டத்தை அழுத்தியிருப்பார், அதனால்தான் 3. ஆகவே விடை 2. இரண்டாவது டொக்டர் சொன்னது சரி.

மறுநாள் துடிப்பு சாதாரணமானது நல்ல செய்தி என்றாலும் புள்ளிமுறை அதைக் கேட்பதே இல்லை. வந்து வந்து போகும் வகைக்கும் நிலையான வகைக்கும் அபாயத்தில் ஓரளவு வேறுபாடு உண்டு. ஆனால் மருந்து வேண்டாம் என்று முடிவெடுக்குமளவு அது பெரியதல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

டொக்டருக்கு மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. என்னோடு கற்பித்த நண்பர் ஒருவர் குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுத்து, வயிற்றில் குருதி கசிந்து, இரண்டு பைந்து குருதி ஏற்ற வேண்டி வந்தது. வராமலே போகக்கூடிய பாரிசவாதத்துக்குப் பயந்து, கண்முன் வரக்கூடிய குருதிப்போக்கை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? வயதானவர்களுக்கு அஸ்பிரின் மென்மையானது என்று எங்கள் தலைமுறைக்கு வைத்தியர்களே சொல்லித்தந்தார்கள். இன்று அதை அடியோடு மறுப்பது எதனால்?

வார்டு மேசை:

ஐயா, அப்படிச் சொல்லித்தந்தது உண்மை. அது எங்கே தவறியது என்பதைச் சோதனைகளே காட்டின. 2007 இல் வெளியான பாஃப்டா ஆய்வு, 75 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்து வார்பரினையும் அஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. கடுமையான பாரிசவாதமும் மூளைக் குருதிப்போக்கும் சேர்ந்த நிகழ்வுகள் வார்பரினில் வருடத்துக்கு 1.8 சதவீதம், அஸ்பிரினில் 3.8 சதவீதம். பெரிய குருதிப்போக்கில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2011 இல் அவெரோஸ் ஆய்வு, வார்பரின் ஒத்துவராது என்று கருதப்பட்டவர்களுக்கு, குருதி உறைவதைத் தடுக்கும் புதிய மருந்தான அபிக்ஸபானையும் அஸ்பிரினையும் ஒப்பிட்டது: பாரிசவாதமும் பிற உறுப்புகளில் நாடி அடைப்பும் 1.6 சதவீதத்துக்கு எதிராக 3.7 சதவீதம்; பெரிய குருதிப்போக்கு 1.4 சதவீதத்துக்கு எதிராக 1.2 சதவீதம்.

அஸ்பிரின் தரும் பாதுகாப்பு சொற்பம், அது உண்டாக்கும் குருதிப்போக்கோ சொற்பமல்ல. சோணையறை நடுக்கத்துக்கென்று மட்டும் அஸ்பிரின் எழுதுவதை ஐரோப்பிய வழிகாட்டிகளும் அமெரிக்க வழிகாட்டிகளும் கைவிட்டுவிட்டன. ஸ்டென்ட் வைத்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் வேறு காரணத்துக்காக அதை எடுப்பார்கள். அவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

கொட்டாஞ்சேனை மருந்தகம்:

ஆசிரியர் ஐயாவின் நண்பர் அந்த நேரத்தில் முழங்கால் வலிக்கு ஏதாவது குளிசை எடுத்தாரா என்று விசாரித்துப் பாருங்கள். என் கடை மேசைக்கு வருபவர்களில் வார்பரின் சீட்டோடு வந்து, கூடவே டைக்ளோபெனாக் ஓர் அட்டை கேட்பவர்கள் அடிக்கடி உண்டு. "கால் வலிக்கு மட்டும்தான் பிள்ளை" என்பார்கள். சேர்ந்தால் குருதிப்போக்கு அபாயம் கூடும் என்பதால் அந்த இரண்டும் ஒரே பையில் போகக் கூடாது. பரசிட்டமோல் கொடுத்து, கிளினிக்கில் சொல்லச் சொல்லி அனுப்புவேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

விசாரித்தேன், மகளே. எடுத்திருக்கிறார். ஆனாலும் என் அச்சம் முழுவதும் தீரவில்லை. குருதிப்போக்குக்கும் இப்படி ஒரு புள்ளிமுறை இல்லையா?

வார்டு மேசை:

இருக்கிறது, ஐயா. ஹாஸ்-பிளெட் என்று பெயர், அதுவும் 2010 இல் வந்தது. கட்டுக்கடங்காத குருதியமுக்கம், சிறுநீரக ஈரல் கோளாறு, முந்திய பாரிசவாதம், முந்திய குருதிப்போக்கு, ஏறி இறங்கும் ஐஎன்ஆர் (வார்பரின் எடுப்பவரின் குருதி உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் அளவு), 65 க்கு மேற்பட்ட வயது, வலிக்குளிசையும் மதுவும் என்று அதன் பட்டியல் போகிறது. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால் சங்கடம் ஒன்று தெரியும்: வயது, குருதியமுக்கம், முந்திய பாரிசவாதம் ஆகியவை இரண்டிலும் இருக்கின்றன. மருந்து யாருக்கு மிக அவசியமோ அவருக்கே குருதிப்போக்குப் புள்ளியும் ஏறும். அதைப் பார்த்து மருந்தைத் தடுத்தால், பாதுகாப்பு வேண்டியவரையே பாதுகாப்பில்லாமல் விட்டதாகிவிடும். 2024 இன் ஐரோப்பிய வழிகாட்டி, மருந்தைத் தொடங்குவதா நிறுத்துவதா என்பதைக் குருதிப்போக்குப் புள்ளியை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. திருத்தக்கூடியதைத் திருத்த அந்தப் பட்டியல் உதவும்: பிரஷரை இறக்குவது, டைக்ளோபெனாக்கை நிறுத்துவது, மதுவைக் குறைப்பது.

விழுந்துவிடுவார் என்ற காரணமும் அடிக்கடி வரும். 1999 இல் கனடிய ஆய்வாளர்கள் ஒரு கணிப்பு செய்தார்கள்: வார்பரின் எடுப்பவர் வருடத்துக்கு ஏறக்குறைய 295 தடவை விழுந்தால்தான், விழுவதால் வரும் மூளைக் குருதிப்போக்கு மருந்தின் பயனை மிஞ்சும். அது கணித மாதிரிதான், நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு அல்ல. எனக்கே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயக்கம் உண்டு. விழுவார் என்று மட்டும் சொல்லி மருந்தை மறுப்பது பெரும்பாலும் பொருந்தாது என்ற அளவுக்கு அதை ஏற்கிறேன்.

எண்ணும் மனிதன்:

காப்புறுதித் துறையில் அபாயம் கணிப்பது என் தொழில் என்பதால் குறுக்கிடுகிறேன். புள்ளி 2 என்பதற்கு நேரே வருடத்துக்கு 2.2 சதவீதம் என்று பழைய அட்டவணைகளில் போட்டிருக்கும். அதைக் கேட்ட குடும்பம் "நூற்றுக்கு இரண்டுதானே" என்று எழுந்து போய்விடும். ஆனால் அது ஒரு வருடத்துக்கான எண். அதே அபாயம் மாறாமல் பத்து வருடம் தொடர்ந்தால் நூறு பேரில் ஏறத்தாழ 20 பேருக்குப் பாரிசவாதம் வரும். வார்பரின் அபாயத்தை ஏறக்குறைய 64 சதவீதம் குறைக்கிறது என்று 2007 இன் தொகுப்பாய்வு சொல்வதை அதே கணக்கில் போட்டால் 20 என்பது எட்டுக்கு அருகில் வரும். குடும்பத்தின் முன் வைக்க வேண்டியது இந்த இரண்டு எண்கள்தான் என்பது என் எண்ணம். மற்ற மரணக் காரணங்களை நான் கழிக்கவில்லை, ஆகவே உண்மையான எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். மறுபக்கம், கடலோர வீதியின் அப்பா இன்னும் மூன்று வருடத்தில் 75 ஐத் தொடுவார், வேறொன்றும் நடக்காமலே அவருடைய புள்ளி 3 ஆகும்.

இன்னொன்று. இந்த முறைகளை நாம் கொண்டாடும் அளவுக்கு அவை கூர்மையானவை அல்ல. பாரிசவாதம் வரப்போகிறவரையும் வராதவரையும் பிரித்தறியும் திறனை அளக்கும் எண் ஒன்று உண்டு; நாணயம் சுண்டினால் 0.5, தப்பாமல் சொன்னால் 1. சாட்ஸ்-வாஸ்க் பெரும்பாலும் 0.6 இலிருந்து 0.7 வரைக்குள் நிற்கிறது. அதே புள்ளிக்கு ஒரு நாட்டுப் பதிவேடு தரும் வீதத்தை இன்னொரு நாட்டுப் பதிவேடு தருவதில்லை. அப்படியிருக்க, 1 க்கும் 2 க்கும் இடையே ஏன் இத்தனை சண்டை?

வார்டு மேசை:

நியாயமான கேள்வி. யாருக்குப் பாரிசவாதம் வரும் என்று ஆரூடம் சொல்ல இந்த முறை உதவாது. யாரை மருந்தில்லாமல் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரித்தெடுக்க நன்றாகவே உதவும். சுழியம் எடுத்தவரின் அபாயம் உண்மையிலேயே குறைவு. அந்தச் சிறு கூட்டத்தை ஒதுக்கிவிட்டால் மற்றவர்களுக்குக் கேள்வி திசை மாறுகிறது: ஏன் மருந்து கொடுக்க வேண்டும் என்பதை விட, கொடுக்காமலிருக்க என்ன காரணம் என்று கேட்க வேண்டும். 2 என்றால் பரிந்துரை உறுதியானது. 1 என்றால் நோயாளியோடு பேசி முடிவெடுக்கலாம். குருதியில் சில புரதங்களை அளந்து கூர்மையைக் கூட்டும் ஏபிசி போன்ற முறைகளும் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் கிளினிக்கில் கேள்வி கேட்டே முடித்துவிடக்கூடியதுதான் நிலைக்கும்.

முறையை விட, அதற்குள் நாங்கள் போடும் விடைகளில்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு பெரியவரின் கொப்பியில் முந்திய பாரிசவாதம் "இல்லை" என்று இருந்தது. அருகில் நின்ற மனைவியிடம், எப்போதாவது ஒரு கை தளர்ந்து பிடித்திருந்த பொருள் விழுந்ததா, பேச்சுக் குழறியதா, வாய் ஒரு பக்கம் இழுத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கையில் எடுத்த சோறு நழுவி நழுவி விழுந்தது, கதைத்ததும் விளங்கவில்லை. கால் மணித்தியாலத்தில் சரியாகிவிட்டது, வெயில் என்று நினைத்தோம்" என்றார். அது தற்காலிகப் பாரிசவாதம். அந்த ஒரு விடையில் இரண்டு புள்ளி ஏறியது. நோயாளியிடம் மட்டும் கேட்டிருந்தால் இன்றும் "இல்லை" என்றே இருந்திருக்கும்.

தெஹிவளை வாசகி:

எனக்கு 44 வயது. சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து, இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, இப்போது சோணையறை நடுக்கமும் இருக்கிறது. இந்த முறையில் பார்த்தால் பெண் என்ற ஒரு புள்ளி மட்டுமே வருகிறது. பிரஷர் இல்லை, சீனி வருத்தம் இல்லை. அப்படியென்றால் எனக்கு ஏன் வார்பரின் கொடுத்திருக்கிறார்கள்? மாதாமாதம் ஐஎன்ஆர் பார்க்க வரிசையில் நிற்பது பெரும் பாடாக இருக்கிறது. புதிய குளிசைக்கு மாறிவிடலாமா?

வார்டு மேசை:

தங்கச்சி, தயவுசெய்து நிறுத்தவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். இந்தப் புள்ளிமுறை உங்களுக்கானதே அல்ல. நடுத்தர அல்லது கடுமையான மைட்ரல் சுருக்கமோ உலோகச் செயற்கை வால்வோ இருப்பவர்களுக்குப் புள்ளி எண்ணத் தேவையில்லை. சுழியம் என்றாலும் வார்பரின் வேண்டும். மேலை நாட்டு இணையக் கணிப்பான்களில் இந்த எச்சரிக்கை சிறிய எழுத்தில் மூலையில் கிடக்கும். அங்கே வாதக் காய்ச்சல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எங்கள் வார்டுகளில் மறையவில்லை.

புதிய குளிசையும் உங்களுக்கு உகந்ததல்ல. 2022 இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு, ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளில் உங்களைப் போல வாத இதய நோயும் சோணையறை நடுக்கமும் உள்ளவர்களிடம், புதிய குளிசைகளில் ஒன்றான ரிவரொக்ஸபானை வார்பரின் வகை மருந்தோடு ஒப்பிட்டது. பழைய மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. வரிசை சிரமம்தான், உங்கள் விடயத்தில் அது வீண் சிரமம் அல்ல.

தெஹிவளை வாசகி:

நன்றி டொக்டர். பெண் என்பதற்கே ஒரு புள்ளி ஏன் என்பதும் எனக்கு நெடுநாள் உறுத்தல்.

எண்ணும் மனிதன்:

அந்தப் புள்ளி தனியாக நின்றால் பயனில்லை, அக்கா. வேறு காரணி எதுவும் இல்லாத, 65 க்குக் குறைந்த பெண்ணின் அபாயம் அதே வயது ஆணுடையதைப் போலவே குறைவு. வயதும் மற்றக் காரணிகளும் சேரும்போதுதான் வேறுபாடு தென்பட்டது. அதனால் வழிகாட்டிகள் ஆணுக்கு 2, பெண்ணுக்கு 3 என்று இரண்டு எல்லைகள் வைத்தன. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்த கணக்கு. 2024 இல் ஐரோப்பியர்கள் பாலினத்தை நீக்கிச் சாட்ஸ்-வா என்ற வடிவத்துக்குப் போனார்கள்: எல்லோருக்கும் 2 என்றால் மருந்து, 1 என்றால் கலந்து பேசுவது. 2023 இன் அமெரிக்க வழிகாட்டி பழைய வடிவத்தையே வைத்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலும் ஒரே முடிவுதான் வரும்.

கடலோர வீதி:

அப்பாவின் கணக்கு இப்போது தெளிவாக விளங்குகிறது. இன்னும் இரண்டு சந்தேகங்கள். தம்பியின் கைக்கடிகாரம் அவனுக்கும் "ஒழுங்கற்ற துடிப்பு" என்று காட்டுகிறது, அவனுக்கு 38 வயது. மற்றது, அப்பாவுக்கு வார்பரினா, புதிய மருந்தா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பார்கள்?

வார்டு மேசை:

கடிகாரம் சந்தேகத்தை எழுப்பலாம், நோயைத் தீர்மானிக்க முடியாது. ஈசிஜிப் பதிவை வைத்தியர் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் புள்ளி எண்ணும் பேச்சு. பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் பிடிக்கும் சில நிமிட நடுக்கங்களின் அபாயம், ஈசிஜியில் அகப்பட்ட நடுக்கத்தின் அபாயத்தை விடக் குறைவு. 2023 இல் அவ்வகையினருக்கு மருந்து கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று தெளிவான பயனைக் காணவில்லை. மற்றது பாரிசவாதம் குறைந்ததையும் குருதிப்போக்கு கூடியதையும் கண்டது. தம்பி ஒரு முறை ஈசிஜி எடுக்கட்டும், தைரொயிட்டையும் பார்க்கட்டும்.

மருந்தைப் பற்றி மருந்தகத் தங்கச்சி என்னை விடத் தெளிவாகச் சொல்வார்.

கொட்டாஞ்சேனை மருந்தகம்:

வால்வு நோய் இல்லாதவருக்குப் புதிய மருந்துகளே முதல் தெரிவு. ஆனால் வார்பரின் அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். புதியவற்றைப் பலர் மாதாமாதம் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். அதனால் விலையை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், அண்ணா. மூன்றாம் மாதம் காசு முட்டுப்பட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுபவரை விட, ஒழுங்காக வார்பரின் எடுத்து ஐஎன்ஆரை 2 க்கும் 3 க்கும் இடையில் வைத்திருப்பவர் எவ்வளவோ பாதுகாப்பானவர். புதியவற்றின் வேலை ஒரு நாளுக்குள் இறங்கிவிடும், தவறவிட்ட வேளையை அவை மன்னிப்பதில்லை. வார்பரின் என்றால், கீரை அதன் வேலையைக் குறைக்கும் என்று வல்லாரைச் சம்பலை அடியோடு விடத் தேவையில்லை. வழக்கமாகச் சாப்பிடும் அளவை ஒரு வாரம் கூட்டி மறுவாரம் குறைக்காமல் இருந்தால் போதும்.

புதிய மருந்து என்று முடிவானால் தொடங்குவதற்கு முன் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியற்றினின் பார்த்து, அப்பாவின் எடையையும் அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எடை இல்லாமல் சிறுநீரகக் கணக்குப் போட முடியாது; எங்களுக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலும் விடுபடுவது அதுதான். அபிக்ஸபான் என்றால் வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது குறைவு, கிரியற்றினின் 133 மைக்ரோமோல் அல்லது மேல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 க்கு இறக்க வேண்டும். "வயதானவர், பாவம், சின்னதையே போடுவோம்" என்று 72 வயதுக்காரருக்குக் காரணமில்லாமல் பாதி அளவு எழுதிய சீட்டுகள் எனக்கு வருகின்றன. அவற்றைக் கொடுப்பதற்கு முன் எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறேன். பெரும்பாலானோர் திருத்தித் தருகிறார்கள்.